மேபல் அம்மையார் சேர்த்து வைத்த கடதாசிகள்

வரலாறு என்ற சொல்லைப் பிரித்தால் வந்த வழி என்ற பொருள் கிடைக்கும். உலகில் வந்து போனவர் எல்லாருக்கும் ஒரு வழி இருந்தது உண்மை. ஆனால் ஏட்டில் ஏறியவை எத்தனை வழிகள்? மன்னர் வழி ஏறும்; புலவர் வழி ஏறும்; கோயில் எடுத்தவர், குளம் திருத்தியவர் வழியும் ஏறும். பிறர் வீட்டில் தரை துடைத்துச் சீவித்த ஒருத்தியின் வழி ஏறுவது மிக அருமை. அவள் கறுப்பினத்தவள், சிறை கண்டவள், கணவனின்றி இன்னொரு பெண்ணையே தன் வாழ்க்கைத் துணையாகக் கொண்டவள் என்றால், அந்த வழியைப் புல் மூடுவதற்கு வேறு காரணமே வேண்டியதில்லை. மேபல் ஹாம்ப்டன் என்ற அமெரிக்க அம்மையாரின் வழியைப் புல் மூடவில்லை. அஃது எவ்வாறு தப்பியது என்பதையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

இலக்கியப் பக்கத்தில் இப்பொருளுக்கு இடம் உண்டா என்று புருவம் நெரிப்போர் இருக்கலாம். அகத்திணையை ஏழாக வகுத்த தொல்காப்பியனார், ஒருத்திக்கும் ஒருத்திக்கும் இடைப்பட்ட காதலுக்குத் திணை வகுக்கவில்லை. வகுக்காமை, இல்லாமைக்குச் சான்றாகாது என்பது என் கருத்து. இலக்கணம் இலக்கியத்துக்குப் பிந்தியது. இலக்கியமோ வாழ்க்கைக்குப் பிந்தியது. மேனாட்டார் இத்தகைய பெண்களைக் குறிக்க வழங்கும் லெஸ்பியன் என்ற பெயர்கூட ஒரு பெண்பாற் புலவரின் ஊரிலிருந்து வந்ததே. இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் லெஸ்பொஸ் என்ற கிரேக்கத் தீவிலே வாழ்ந்த சாப்போ, பெண்கள்மீது கொண்ட அன்பைப் பாடினார். அவர் பாடியவற்றுள் பெரும்பகுதி அழிந்தது. எகிப்து நாட்டு மணலுக்குள் புதைந்து கிடந்த பப்பைரசுத் துண்டுகளிலிருந்தும், பிறர் நூல்களில் எடுத்தாளப்பட்ட அடிகளிலிருந்துமே எஞ்சியவை கிடைத்தன. செல்லரித்த சுவடிகளில் சங்கப் பாட்டைத் தேடிய சாமிநாதையரையும், தாமோதரம்பிள்ளையையும் அறிந்த நமக்கு இந்தக் கதை புதிதன்று.

மேபல், 1902 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி, வட கரோலினா மாநிலத்திலுள்ள வின்ஸ்டன்-சேலம் என்ற ஊரிலே பிறந்தார். இரண்டு மாதக் குழந்தையாய் இருந்தபோதே தாய் இறந்தார். வளர்த்த பாட்டியும் ஏழாம் வயதில் மறைந்தார். பிறகு நியூயோர்க்கிலிருந்த சிறிய தாயாரிடம் அனுப்பப்பட்டார். அவ்வீட்டின் தலைவர் ஒரு சமயபோதகர். அவர் அந்தக் குழந்தைக்கு இழைத்த கொடுமையை இங்கு விரித்து எழுத என் பேனா கூசுகின்றது. எட்டு வயதுச் சிறுமி அவ்வீட்டை விட்டுத் தனியே ஓடிப்போனாள் என்பதைச் சொன்னாற் போதும். ஆற்றுக்கு அப்பால், நியூஜேர்சி மாநிலத்து ஜேர்சி நகரில் ஒரு குடும்பத்தார் அவளை ஏற்று வளர்த்தனர். பதினேழு வயதளவும் அவர்களே அவளுக்குத் தாய்வீடாயினர்.

வளர்ந்த மேபல் ஆடற்கலையில் நாட்டங்கொண்டார். கொனி ஐலண்ட் என்ற கடற்கரைக் களியாட்ட இடத்திலே பெண்கள் குழுவொன்றிற் சேர்ந்து ஆடினார். பின்பு ஹார்லம் சென்றார். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் நிறவெறியையும் விட்டுக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கு நோக்கி வந்த காலம் அது. ஹார்லத்தில் கவிதையும் இசையும் நாடகமும் ஒருங்கே பூத்தன. லாபயற் நாடக சாலையில் மேபல் ஆடினார். ஆண்களைப் போல் உடை தரித்துப் பாடிய கிளாடிஸ் பென்ற்லி முதலான கலைஞரை அவர் கண்டு பழகினார். பொது இடங்களில் மனம்விட்டுக் கூட முடியாத பெண்கள், தம் வீடுகளிலேயே விருந்து வைத்துக் கூடினர். வருபவர் சிறு தொகை கொடுப்பர். அந்தக் காசு அம்மாதத்து வாடகைக்கு உதவும். வறுமையும் மகிழ்ச்சியும் ஒரே பாயில் அமர்ந்திருந்த கூட்டங்கள் அவை.

1926 இல் நியூயோர்க் மேடையேறிய ஒரு பிரெஞ்சு நாடகத்தின் கருப்பொருள், ஒரு பெண் இன்னொரு பெண்மீது கொண்ட காதல். 1927 பெப்ரவரியில் பொலிசார் அரங்கினுட் புகுந்து நடிகரைக் கைதுசெய்தனர். இத்தகைய பொருளை மேடையேற்றும் அரங்குகளுக்குப் பூட்டுப் போடும் சட்டமும் அந்த ஆண்டிலேயே வந்தது. அந்நாடகத்தை நேரிற் கண்டு களித்தவர்களுள் மேபலும் ஒருவர். மேடையில் தம்மைப் போன்ற ஒருத்தியை அவர் அங்கே கண்டார்.

இளமையில் நேர்ந்த சிறைவாசத்தை இனிச் சொல்லவேண்டும். ஹார்லத்தில் ஒரு வீட்டில் மேபல் இருந்தபோது பொலிசார் புகுந்தனர். அவர்மீது விபசாரக் குற்றம் சுமத்தினர். ஆடவரை நாடாத ஒருத்திமேல் ஆடவருக்கு உடலை விற்றாள் என்ற குற்றம்! சட்டத்தறிஞர் ஒருவரும் அவருக்காகப் பேசவில்லை. மூன்றாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டுப் பெட்போர்ட் ஹில்ஸ் பெண்கள் சீர்திருத்தச் சிறைக்கு அனுப்பப்பட்டார். பதின்மூன்று மாதங்களின் பின் நிபந்தனையோடு வெளியே வந்தார். அந்தச் சிறையிலும் பெண்களிடையே ஆறுதலும் அன்பும் இருந்ததைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

ஆடலுக்குக் கிடைத்த ஊதியம் நிலையற்றது. வயிறு நிறைய உண்ண விரும்பியதாலேயே மேடையை விட்டதாகப் பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். பிறகு நெடுங்காலம் அவருடைய தொழில் வீட்டுப் பணி. 1930-களின் பொருளாதார மந்தத்திலே, கறுப்பினப் பெண்கள் பிராங்ஸ் பகுதித் தெருமுனைகளில் காலையிற் சென்று நிற்பர்; வீட்டுத் தலைவியர் வந்து மணிக் கூலி பேசி அழைத்துச் செல்வர். எல்லா பேக்கர், மார்வெல் குக் என்ற இருவர் 1935 இல் இதனைப் பற்றி எழுதியபோது, அடிமைச் சந்தை என்றே அதற்குப் பெயரிட்டனர். அதே 1935 இல் அமெரிக்க அரசு முதியோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. வீட்டுப் பணியாளருக்கு அதில் இடமில்லை. 1950 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே அவர்களுள் ஒழுங்காக வேலைபார்த்தோர் சேர்க்கப்பட்டனர். வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் அரபு நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ச் சென்று மீண்டவரின் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் எனக்கு, இது தூரதேசத்துச் செய்தியாகத் தோன்றவில்லை.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்கவேண்டும். மேபல் சிறை சென்றதை அரசாங்கம் எழுதி வைத்தது. அவர் முழங்காலிட்டுத் துடைத்த தரைகளை எந்த அரசாங்க ஏடும் நெடுங்காலம் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சிறைக் கோப்பு ஒன்றே எஞ்சியிருந்தால், பின்வந்தோர்க்கு மேபல் ஹாம்ப்டன் என்ற பெயர் ஒரு குற்றவாளியின் பெயராக மட்டுமே நின்றிருக்கும்.

1932 இல் ஒருநாள் பஸ் வண்டிக்குக் காத்து நின்ற இடத்திலே லிலியன் பொஸ்டர் என்ற பெண்ணை மேபல் சந்தித்தார். அன்று தொடங்கிய உறவு, 1978 இல் லிலியன் இறக்கும் வரை நின்றது. நாற்பத்தாறு ஆண்டுகள்! லிலியன் சலவைத் தொழிலகங்களில் உடை அழுத்தும் வேலை பார்த்தவர். இருவரும் பிராங்ஸில் ஒரு தொடர்மாடி வீட்டிலே குடித்தனம் நடத்தினர். வேலை முடிந்து வந்து சமைப்பர், சிநேகிதியரை அழைப்பர், காசு மிஞ்சினால் இசை நாடகம் பார்க்கப் போவர். இத்தனைக்கும் அவர்களுக்குப் பதிவு இல்லை, தாலி இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை.

எங்கள் நாட்டிலே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு என்ற நினைவு மலரை அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். பண்டிதர்க்கு அது ஒரு கடமை. அத்தகைய பாக்கள் பல நானும் இயற்றியுள்ளேன். அந்நூலுக்கு ஓர் அமைப்பு உண்டு. முதலில் ஊர்ச் சிறப்பு; அடுத்துப் பெற்றோர், உடன்பிறந்தோர்; பின் மணவினை, மக்கள், மருமக்கள், பேரர். மேபல் அம்மையாருக்குக் கல்வெட்டுப் பாடவேண்டுமாயின், ஊர்ச் சிறப்பு பாடலாம். பெற்றோருக்கு ஓரடி போதும். அதன்பின் யாப்பு நின்றுவிடும். நாற்பத்தாறு ஆண்டு உடன் வாழ்ந்தவளை எந்தப் பகுதியில் வைப்பது? தோழி என்றால் குறைவு. துணைவி என்றால் ஊரார் ஏட்டை மூடிவைப்பர். வடிவமே ஒருவர் வாழ்வை விழுங்கிவிடும் இடம் இது.

ஆயினும் மேபல் எழுத்தறியாதவரல்லர், நன்றாகப் படிப்பவர். கையிற் கிடைத்த கடதாசியைக் கழிக்காதவர். லிலியனோடு தொடர்புடைய கடிதங்கள், பார்த்த இசை நாடகங்களின் நிகழ்ச்சித் தாள்கள், நிழற்படங்கள் எல்லாவற்றையும் வைத்திருந்தார். அவற்றோடு ஒரு பெருந்தொகுதி மலிவுப் பதிப்பு நாவல்களும் இருந்தன. 1950-களில் அமெரிக்க மருந்துக் கடைகளிலும் நிலையங்களிலும், பெண்ணைக் காதலிக்கும் பெண்களைப் பற்றிய மட்டமான தாளிற் பதித்த நாவல்கள் ஏராளமாக விற்றன. அவற்றின் அட்டைப்படங்கள் ஆண் வாசகரை இழுப்பதற்கென்றே வரையப்பட்டவை. கதையின் முடிவில் நாயகி பெரும்பாலும் சாவாள், அல்லது பித்துப் பிடிப்பாள், அல்லது ஓர் ஆடவனிடம் போய்ச் சேர்வாள். தபாற் தணிக்கைக்கு அஞ்சி அவ்வாறு முடித்தனர். இலக்கியத் தராசில் இவற்றை நிறுத்தால் பல நூல்கள் தேறமாட்டா. ஆனால் வேறெந்த நூலிலும் தம்மைக் காணாத பெண்கள், வெட்கத்தையும் அச்சத்தையும் விழுங்கிக்கொண்டு கடைக்காரன் முன் நின்று வாங்கிய நூல்கள் அவை. மேபல் அவற்றை வாங்கினார், படித்தார், காத்து வைத்தார்.

1950-களின் தொடக்கத்தில் மேபல் ஒரு வெள்ளையினக் கைம்பெண்ணின் வீட்டில் பணிசெய்தார். அவருக்கு யோன் என்றொரு மகள், 1940 இல் பிறந்தவள். தகப்பன் முகம் காணாத பிள்ளை. அந்த யோன் நெசில் வளர்ந்து கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியையானார். தாமும் பெண்களை விரும்பும் பெண் என்பதை உணர்ந்தார். 1969 யூன் மாதத்தில் நியூயோர்க்கின் ஸ்ரோன்வோல் விடுதியில் பொலிசாரை எதிர்த்து மூண்ட கிளர்ச்சியின் பின் இயக்கங்கள் பல எழுந்தன. 1973 இல் கல்வியாளர் சங்கமொன்று தோன்றிற்று. அச்சங்கத்திலிருந்த பெண்கள் சிலர், தம் வரலாற்றைத் தாமே காக்காவிடில் எவரும் காக்கமாட்டார் என்று கண்டு, 1974 இல் ஒரு சுவடிக்கூடத்தைத் தொடங்கினர். லெஸ்பியன் ஹேர்ஸ்ரோறி ஆர்க்கைவ்ஸ் என்பது அதன் பெயர். யோன் நெசிலும் டெபோரா எடெலும் அதன் தூண்கள்.

அந்தச் சுவடிக்கூடம் இருந்த இடம் யாது? மன்ஹற்றன் தீவின் மேற்குப் பகுதியில் யோன் குடியிருந்த தொடர்மாடி வீடு. முதலில் சமையலறைப் பக்கத்துச் சேமிப்பறை. பிறகு ஒவ்வோர் அறையாகப் பெட்டிகள் நுழைந்தன. ஏறத்தாழ இருபதாண்டுகள் அவ்வாறு நடந்தது. அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் என்னை வியக்க வைத்தன. பல்கலைக்கழகத்துக்கோ அரசுக்கோ இதனை ஒப்படைப்பதில்லை, ஒருபோதும் விற்பதில்லை. படிக்க வருபவரிடம் பட்டமோ அறிமுகக் கடிதமோ கேட்பதில்லை. பொருள் தருபவர் புகழ்பெற்றவரா என்று பார்ப்பதில்லை. ஒருத்தியின் நாட்குறிப்பு, கொண்டாட்டத்தில் அணிந்த சட்டை, வாழ்த்து மடல் எல்லாம் ஆவணமே. ஏடு காக்கும் வித்தையை மூத்தவர் இளையவர்க்குக் கற்பிக்கவேண்டும். இவை சிறந்த விதிகள் என்பேன். பெரிய நிறுவனத்திடம் கொடுத்தால் ஏடு பாதுகாப்பாக இருக்கும் என்பர் சிலர். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே கூரையின் கீழ்ச் சாம்பலானதைக் கண்ட தலைமுறைக்கு, அந்த வாதம் அவ்வளவு உறுதியாகப் படாது.

தொடக்க நாள்களிலிருந்தே மேபல் அம்மையார் அங்கு வந்தார். வந்து சும்மா இருக்கவில்லை. பெட்டிகளைப் பிரித்தார், வகைப்படுத்தினார், வந்தோரிடம் பேசினார். தம் நாவல் தொகுதியையும் கடதாசிகளையும் சுவடிக்கூடத்துக்கே கொடுத்தார். ஒருகாலத்தில் இக்குடும்பத்துக்குப் பணிசெய்தவர், இப்போது அக்குடும்பத்து மகளின் வீட்டிலேயே தம் வரலாற்றுக்குத் தாமே காவலர். யோன் அவருடைய நினைவுகளை ஒலிநாடாவிற் பதிந்தார். பாட்டி வீடு, ஓடிப்போன நாள், கொனி ஐலண்ட், ஹார்லத்து விருந்துகள், சிறை, லிலியன் என எல்லாம் அவர் குரலிலேயே பதிவாயின.

இதில் ஒரு முள் உண்டு. ஒரு கறுப்பினப் பணிப்பெண்ணின் வாழ்வை எசமானி வீட்டு வெள்ளை மகள் சொல்லலாமா? யோன் நெசில் இக்கேள்வியை மறைக்கவில்லை. 1992 இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் மேபலின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் ஆற்றிய சொற்பொழிவின் தலைப்பிலேயே, இது ஒரு வெள்ளைப் பெண் சொல்லும் வாழ்க்கை என்பதைப் பொறித்துக்கொண்டார். உரையாசிரியர் தம் பெயரையும் சமயத்தையும் மறையாது எழுதினால் வாசகன் தானே எடைபோட்டுக்கொள்வான். அந்நேர்மை போற்றத்தக்கது.

2019 இல் சாயிதியா ஹாட்மன் என்ற கறுப்பினப் பேராசிரியை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்கிலும் பிலடெல்பியாவிலும் வாழ்ந்த இளங்கறுப்பினப் பெண்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் மேபலும் வருகின்றார். சிறைக் கோப்புகளையும் பொலிஸ் ஏடுகளையும் எதிர்த்திசையிலிருந்து வாசித்த நூல் அது. நாம் பாடபேதம் என்று சொல்வோமே, அதனை இங்கே காணலாம். ஒரே இரவைப் பற்றி இரண்டு பாடங்கள்: கோப்பிலே விபசாரக் குற்றம்; நாடாவிலே தோழியோடு இருந்த வீட்டில் அடாது நுழைந்த பொலிசார். ஒரு பிரதி மட்டும் இருக்கும்போது பதிப்பாசிரியன் அதற்கு அடிமை. மறுபிரதி கிடைத்தபின்னரே அவன் ஆராய்ச்சியாளன் ஆகின்றான். அந்த மறுபிரதியை மேபல் தாமே தந்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் மறுபிரதிகள் என்னவாயின? 2009 ஆம் ஆண்டு தை மாதத்தில் கிளிநொச்சி விழுந்தபின், வட்டக்கச்சி வழியாகவும் வட்டக்கச்சியிலிருந்தும் சனங்கள் கிழக்கு நோக்கிப் போனார்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைச் சொப்பிங் பையிற் சுற்றி இடுப்பிற் கட்டிக்கொண்டார்கள். அரசாங்கம் கேட்கக்கூடிய கடதாசி அது. கடிதக் கட்டுகளையும் படங்களையும் எடுக்க எவருக்குக் கையிருந்தது? அவ்வாறு போனவற்றுள் இரு பெண்களின் அன்புக்குச் சான்றான கடிதம் ஒன்றும் இருந்திராது என்று எவர் துணிந்து சொல்வார்? போருக்கு முன்பே எரித்தவர்களும் இருந்திருப்பர். பிரித்தானியர் 1883 இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 365 அ பிரிவு முதலில் ஆடவரையே சுட்டிற்று. 1995 இல் அதனைத் திருத்தியபோது ஆடவர் என்ற சொல்லை நபர் என்று மாற்றினர். பெண்களும் அதனுள் அகப்பட்டனர். ஒரு சொல் மாற்றம்தான். 2022 இல் ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கான குழு, இச்சட்டம் பெண்களின் உரிமையை மீறுவதாகத் தீர்மானித்தது. கடிதம் சான்றாகிவிடும் என்று அஞ்சும் நாட்டில் சுவடிக்கூடம் எழுவது எளிதன்று.

எனினும் வித்து இல்லாமலில்லை. 2005 இல் தொண்டர்கள் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி, ஈழத்துப் பாடசாலை மலர்களையும் சிற்றிதழ்களையும் நான் மேலே சொன்ன கல்வெட்டுகளையும்கூடச் சேர்த்து வைத்திருக்கிறது. பெரியோர் நூல்களோடு சாதாரண மனிதரின் நினைவு மலர்களையும் ஒப்ப மதிக்கும் அந்த மனப்பாங்கு, மன்ஹற்றன் வீட்டின் மனப்பாங்கே. அதில் நான் தேடிப் படிக்கும்போது, மணமாகாத பெண்களின் கல்வெட்டுகளை இப்போது சற்று மெதுவாகப் படிக்கின்றேன்.

லிலியன் மறைந்த பின் மேபல் முடங்கிவிடவில்லை. 1979 இல் வாஷிங்டன் நகரிலே நடந்த பேரணியில் கலந்துகொண்டார். 1984 இல், எண்பத்திரண்டு வயதில், நியூயோர்க் பெருமித நாள் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிற் பேசினார். வாழ்நாள் முழுதும் தாம் பெண்களை நேசித்தவர் என்பதை ஒளிக்காமற் சொன்னார். அடுத்த ஆண்டு அப்பேரணியின் தலைமை அணிநாயகரானார். அக்காலத்து ஆவணப் படங்களிலும் அவர் முகத்தைக் காணலாம். 1989 ஒக்டோபர் 26 ஆந் திகதி, நிமோனியா நோயினால் இறந்தார். வயது எண்பத்தேழு.

மன்ஹற்றன் வீட்டில் இடம் போதாமல், பெண்கள் பலர் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தைக் கொண்டு புரூக்ளினில் ஒரு பழைய மாடிவீட்டை வாங்கினார்கள். 1993 இல் அது திறக்கப்பட்டது. ஒலிநாடாக்களையும் பின்பு எண்ணிம வடிவில் மாற்றினர். மேபலின் நாவல்கள் அந்தச் சேகரத்திற் சேர்ந்துவிட்டன. அவருடைய கடதாசிகள் தனிப் பெட்டிகளில் உள்ளன. முன்கூட்டி அறிவித்து வருபவர் எவரும், இன்னார் என்று சான்று காட்டாமலே, மேசையில் அமர்ந்து அவற்றைத் திறந்து பார்க்கலாம்.